முக்கால்

போரா அடிக்கும் நாட்களில்
ட்ரியெஸ்தே நகரத்தார் முன்பெல்லாம்
தெருவோரம் கயிறு கட்டி வைப்பார்களாம்,
ஆட்களைக் காற்று கொண்டுபோகாதிருக்க.
"பார் நெவென்கா, கடைசியில் எல்லோரும்
கயிற்றைத்தான் பிடித்தாகணும்"
என்பான் ஒத்தாவியோ.
காற்றே இல்லையென்றால் கயிறு எதற்கு
என்பேன் நான்.

பதினோரு வருடம் ஒரே அறை.
ஜன்னல் அவனுக்கு, கதவு எனக்கு.

நான் புலக்காரி.
வெற்றிடம் என்று ஒன்றில்லை என் கணக்கில்;
எங்கும் புலம், எப்போதும் சற்றே நடுங்கியபடி.
ஒரு நடுக்கத்துக்கு எலெக்ட்ரான் என்று பெயர்,
இன்னொன்றுக்கு ஒளி.
அவன் புள்ளிகளை நம்பாதவன்.
இழைதான் எல்லாம், எப்படி அதிர்கிறதோ அப்படித் துகள்.
கயிறு திரிக்கிறான் என்று நான் சொன்னது
கான்டீன் வரை போயிற்று.

ஒரு பிப்ரவரி காலை
கொடியில் காய்ந்த தன் கால்சட்டையை
அப்படியே அள்ளிக்கொண்டு அறைக்குள் வந்தான்.
காற்று புகுந்து அது இன்னும் உப்பலாக இருந்தது.
"இரண்டு வளையம் கீழே, ஒரு வளையம் மேலே.
இரண்டும் எந்த இடத்தில் ஒன்றாயின?
விரல் வைத்துக் காட்டு."
வைத்தேன். அவன் துணியைச் சாய்த்தான்;
சேருமிடம் நழுவி வேறெங்கோ போயிற்று.

என் படங்களில் கோடுகள் ஒரு புள்ளியில் முட்டும்.
முட்டிய இடத்தில் முடிவிலி முளைக்கும்.
மேசைவிரிப்பிலிருந்து ரொட்டித்தூளைத் தட்டுவதுபோல்
தினமும் அதைத் தட்டிவிட்டுத்தான்
வேலையைத் தொடங்குகிறேன்.

"படிக்கட்டுக் கடைசிக்குப் போய் நின்று பார்" என்றான்.
அங்கிருந்து கால்சட்டை வெறும் கவட்டைக்கோல்,
மூன்று கோடு, ஒரு புள்ளி.
"அதுதான் உன் கோட்பாடு.
தூரத்திலிருந்து பார்த்த என் கால்சட்டை."
இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் சொன்னேன்:
உன் இழை பிறந்ததே என் வீட்டில்தான்.
குவார்க்கையும் எதிர்க்குவார்க்கையும் பிரித்து இழு.
இடையிலுள்ள புலம் பரவாமல் ஒடுங்கி
கயிறாய் முறுக்கேறும்.
அறுத்தாலும் தனி முனை கிடைக்காது,
துண்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை.
அதை விளக்க வந்தவர்கள்தான் உன் ஆட்கள்.
சமன்பாடு தோறும் அழையாத விருந்தாளியாய்
எடையற்ற துகள் ஒன்று வந்து உட்கார,
விரட்டிப் பார்த்தார்கள், போகவில்லை.
அதற்கு ஈர்ப்பு என்று பெயர் தெரிந்ததும்
வீட்டையே அதன் பேருக்கு எழுதிவிட்டீர்கள்.

அவன் சிரித்தான். அதுதான் எனக்கு ஆத்திரம்.

மார்ச்சில் ஓரிரவு பேருந்து நின்றுபோனது.
போராவுக்குப் பயந்து அறையிலேயே தங்கினோம்.
யாரோ எப்போதோ போட்டு முடித்த கணக்குதான்,
எங்கள் கையால் போட்டுப் பார்த்ததில்லை.
கரும்பலகையின் நடுவே கோடு கிழித்தோம்.
என் பக்கம்: கொதிக்கும் புலம், ஈர்ப்பே கிடையாது.
அதன் என்ட்ரோபியை எண்ண வேண்டும்.
அவன் பக்கம்: கூடுதலாய் ஒரு பரிமாணம்,
அதன் ஆழத்தில் ஒரு கருந்துளை.
அதன் மேற்பரப்பை அளக்க வேண்டும்.

நாலு மணிக்கு விடை வந்தது.
என்னுடையதில் முக்கால், அவனுடையது.

"தப்பு" என்றேன்.
அவன் மிச்ச ரொட்டியைத் தின்றான்.
தப்பைத் தேடி என் வரிகளில் ஏறி இறங்கியபோதுதான்
உறைத்தது:
என் துகள்களை ஒன்றையொன்று தொடவே விடாமல்
நான் எண்ணியிருந்தேன்.
அவனுடையவை விலகவே முடியாமல்
பின்னிக் கிடந்தன.
ஒரே அடுப்பு.
நான் திருகை மூடி வைத்து அளந்தேன்,
அவன் முழுக்கத் திறந்துவிட்டு.
ஒன்றிலிருந்து முக்காலுக்கு
நடுவில் எந்த வழியாக இறங்குகிறது என்பது
என் எண்ணிக்கைக்கும் எட்டவில்லை,
அவன் அளவுக்கும்.

விடிந்து, தண்ணீர் வாளியோடு ஸ்மில்யானா வந்தாள்.
எந்தப் பக்கத்தை அழிக்கட்டும் என்றாள்.

"ஒரு பக்கம் இருந்தால் போதும்" என்றேன்.
"ஆமாம், போதும்" என்றான் ஒத்தாவியோ.

எந்தப் பக்கம் என்று
இருவருமே சொல்லவில்லை.
ஜன்னல் தடதடத்தது.
ஈரத்துணி சொட்டச் சொட்ட
அவள் நின்றுகொண்டிருந்தாள்.